முந்திரிக்கொட்டை மூளையோடு திருப்பதி மலையில்

சித்தூர் போகிற ரயில் எல்லையைத் தொட்டதும் நின்றுவிடும், தொப்பி போட்ட ஓர் ஆந்திரா அதிகாரி ஏறி வந்து ஒவ்வொருவரிடமும் தெலுங்கில் கேள்வி கேட்பார், பதில் தெரியாமல் முழிக்கிறவனைப் பெட்டியோடு தண்டவாளத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். ஐந்து வயதில் அல்ல, நாற்பத்தெட்டு வயதில்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து போயிருந்தது. கோடு எங்கே விழும் என்பதுதான் இழுபறி. சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று எங்கள் புரசைவாக்கம் காபி ஹோட்டலில் தினமும் பஞ்சாயத்து நடக்கும். மேஜையில் சிந்திய காபியை விரலால் தொட்டு ஆளுக்கொரு எல்லை போடுவார்கள். சர்வர் வந்து ஈரத்துணியால் ஒரு துடை துடைப்பார். இரண்டு ராஜ்யமும் மறுபடி ஒன்றாகிவிடும்.

என் பயத்துக்கு மருந்து கொடுத்தவர் பக்கத்து வீட்டு ராகவலு. "ஒண்ணும் கவலைப்படாதீங்க சார். எது கேட்டாலும் 'அவுனு'ன்னு சொல்லுங்க. 'ஆமாம்'னு அர்த்தம். ஆமாம் போடறவனை எந்த சர்க்காரும் ஒண்ணும் பண்ணாது."

இதைவிடப் பெரிய ராஜதந்திரம் எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டே பழகினேன். அவுனு. அவுனு. அவுனு.

தலை வாருவது எனக்குப் பழக்கம் மட்டுமல்ல, பிழைப்பு. நான் ஒரு கூந்தல் தைலக் கம்பெனியின் ஏஜெண்டு. கடைக்காரர் பாட்டிலைப் பார்ப்பதற்கு முன் என் தலையைப் பார்ப்பார். கருகருவென்று, நெற்றியிலிருந்து பின்னோக்கி அலை அலையாகப் போகும். அது தைலத்தால் வந்ததல்ல, அம்மா வழி வந்தது. அதைக் கடைக்காரரிடம் சொல்வதில்லை. சட்டைப் பையில் சீப்பு எப்போதும் இருக்கும். பேச்சு தடுமாறினால் கை தானாகப் போய் ஒரு வாரு வாரிவிடும். இந்தத் தொழிலில் ஒரு கெடுதலும் உண்டு. நான் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. தலையைப் பார்க்கிறேன். யாரையாவது ஞாபகப்படுத்திக்கொள்ளச் சொன்னால் சுழி, வகிடு, நரை எல்லாம் வரும். மூக்கு வராது.

பயணத்தின் காரணம் என் மகள் கோமதி. நகரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடி வந்த ஒரு பையன் ஜமுக்காளத்தில் தடுக்கி விழப் பார்த்து, ஒரு சொட்டும் சிந்தாமல் நிமிர்ந்து நின்று சபைக்கு ஒரு கும்பிடு போட்டான். அவள் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் வேறு எந்த ஜாதகத்தையும் பார்க்கத் தயாராக இல்லை. பையன் சபாபதி, சித்தூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அப்பா துரைசாமி நாயக்கர் விஜயபுரத்தில் வேர்க்கடலை விவசாயி. அவரை அதே கல்யாணத்தில் பார்த்திருந்தேன். அதாவது, அவர் தலையைப் பார்த்திருந்தேன். காதை மூடுகிற சுருட்டை முடி, அறுபது வயதில் ஒரு நரை இல்லை. எங்கள் கம்பெனி காலண்டரில் போடலாம்.

"சித்தூர்ல பையனைப் பாருங்க. திருப்பதியில நாயக்கரைப் பாத்து தாம்பூலம் மாத்திக்கிட்டு வாங்க. நடுவுல வாயைத் தொறக்காதீங்க" என்றாள் என் மனைவி. காரணம் இருந்தது. போன வருஷம் வந்த சம்பந்தியிடம், "உங்கள் வழுக்கைக்கு எங்கள் தைலம்கூட சாட்சிக் கையெழுத்துத்தான் போட முடியும்" என்று தமாஷ் செய்தேன். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

கோமதி வாசல் வரை வந்தாள். "அப்பா, இதையாவது கெடுத்துடாதே." அவ்வளவுதான் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள்.

காட்பாடியில் சின்ன ரயிலுக்கு மாறினேன். எல்லை வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வாய்க்குள் 'அவுனு' தயாராக இருந்தது, எச்சில்கூட விழுங்கவில்லை. ஒரு நிழல் பெட்டிக்குள் ஏறியது. என் எதிரில் வந்து நின்று தெலுங்கில் ஏதோ கேட்டது. "அவுனு" என்றேன். மறுபடி கேட்டது. "அவுனு." இன்னொரு தடவை. "அவுனு!"

மடியில் மூன்று பொட்டலம் வேகவைத்த வேர்க்கடலை விழுந்தது.

நம் மூளை ஒரு முந்திரிக்கொட்டை. பழத்துக்கு முன்னால் தான் துருத்திக்கொண்டு நிற்கும். நடப்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்ற பொறுமை அதற்குக் கிடையாது. முதலில் முடிவு, பிறகு பார்வை. சாப்பாடு வருமுன்பே ஏப்பம் விடுகிற ஆசாமி. அதிகாரி வருவார் என்று அது தீர்மானித்துவிட்டதால், கடலைக்காரர் தலையில் கூடையோடு நின்றும் எனக்குத் தெரிந்தது தொப்பிதான்.

சித்தூரில் இறங்கினேன். வெளிநாடு என்று எதிர்பார்த்துப் போனவனுக்குப் பெரிய ஏமாற்றம். அதே வெயில், அதே ஜட்கா, அதே ஜட்காக்காரரின் அதே பேரம். கடைக்காரர்கள் தமிழில் கூப்பிட்டு, தெலுங்கில் விலை சொல்லி, இரண்டிலும் கலந்து திட்டினார்கள். வித்தியாசம் சாப்பாட்டில்தான் இருந்தது. இலையின் ஓரத்தில் கரும்பச்சையாக ஒன்றை வைத்தார்கள். கீரை மசியல் என்று நாக்கு முடிவு கட்டிவிட்டது. ஒரு கவளம் முழுவதும் அள்ளிப் போட்டேன். அது புளிச்சகீரைத் துவையல். முதலில் புளிப்பு என் இரண்டு காதையும் பிடித்து இழுத்தது. பிறகு மிளகாய் வந்து முதுகில் ஏறி உட்கார்ந்தது. கண்ணீரோடு நிமிர்ந்தபோது பரிமாறுகிறவர் குனிந்து எதையோ கேட்டார். மரியாதைக்கு "அவுனு" என்றேன். இன்னும் இரண்டு கரண்டி விழுந்தது.

மாலையில் சபாபதி வந்தான். நல்ல பையன். (தலையும் நன்று. அப்பா வழி.) பேச்சு எல்லைக்குத்தான் போயிற்று.

"எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அதே பேச்சுதான் சார். ஊர் அந்தப் பக்கம் போனா நான் இந்தப் பக்கம் நிப்பேனா, தெரியல. நைனா மட்டும் கவலையே படமாட்டாரு. 'நெலம் அங்கியேதான் குந்திக்கினு இருக்குது, கோடுதான் நடந்துக்கினு இருக்குது'ம்பாரு."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு விஷயத்துக்கு வந்தான். "நாளைக்கு சாயந்திரம் நாயுடுபேட்டை அரிசி மண்டிக்காரங்க எங்க வீட்டுக்கு தட்டோட வராங்க சார். எங்கம்மாவுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு. மத்தியானத்துக்குள்ள நீங்களும் நைனாவும் மலையில வாக்கு மாத்திக்கினா, நைனா அவங்கள வரவேணாம்னு சொல்லிடுவாரு. மத்தியான பஸ்ல எறங்கிடுவாரு, விட்டுடாதீங்க." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு... உங்க வீடுதான் சார்" என்றான்.

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. வாயைத் திறக்காதே என்ற உத்தரவு ஞாபகம் வந்ததால் சும்மா இருந்தேன்.

"கல்யாணகட்டா வாசல்ல நிப்பாரு. மொட்டை போடற எடம். நைனாவுக்கு ஒரு முடி வேண்டுதல் இருக்குது, அது வந்து..."

"புரிஞ்சுது தம்பி."

"இல்ல சார், அது இன்னும்..."

"புரிஞ்சுதுப்பா! வேண்டுதல், மலை, மொட்டை. இதுல புரியாம என்ன இருக்கு?" என்று முதுகில் தட்டினேன். பையன் மரியாதை தெரிந்தவன். மீதியை விழுங்கிவிட்டான்.

மறுநாள் காலை திருப்பதியில் மலை பஸ் பிடித்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பஸ் முழுவதும் "கோவிந்தா!" என்று கத்தியது. நாலைந்து திருப்பத்தில் எனக்குச் சுருதி பிடிபட்டுவிட்டது. திருப்பம் வருமுன்பே உடம்பு சாயும், தொண்டை திறக்கும். எல்லோருக்கும் ஒரு மூச்சு முன்னாலேயே கத்தினேன். பெருமையாக இருந்தது. அடுத்த திருப்பத்துக்கு நான் இடது பக்கம் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடி, முழுக்குரலில் "கோவிந்தா!" என்றபோது பஸ் திரும்பவில்லை. இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நின்றிருந்தது. நிசப்தமான பஸ்ஸில் நான் மட்டும் கூவியபடி பக்கத்து அம்மாளின் மடியிலிருந்த தேங்காய்ப் பையில் தலை வைத்துப் படுத்திருந்தேன்.

அந்த அம்மாள் தன் புருஷனிடம் தெலுங்கில் சொன்னதை முன் சீட்டுக்காரர் எனக்குத் தமிழில் கொடுத்தார். "பாவம், பெரிய வேண்டுதல் போல இருக்குதுன்றாங்க."

கல்யாணகட்டாவுக்கு முன்னால் போய் நின்றதும்தான் என் நிலைமை எனக்குப் புரிந்தது. எங்கு பார்த்தாலும் மொட்டை. சந்தனம் பூசிய மொட்டை, ஈர மொட்டை, வெயிலில் மின்னும் மொட்டை. முடியை வைத்தே மனிதர்களை அறிந்தவனுக்கு, இது எழுத்தெல்லாம் அழிந்துபோன பெயர்ப்பலகைகள் நிறைந்த தெருவாக இருந்தது. இதில் நாயக்கர் எது?

உடனே மூளை துருத்திக்கொண்டு வந்தது. முடி இறங்குவதற்கு முன்பே அவரைப் பிடித்துவிட வேண்டும்! தாம்பூலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் ஓடினேன். வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த தலைகளின் நடுவே சுருட்டை முடியைத் தேடிக் குனிந்து குனிந்து நடந்தேன். முடி இறக்குகிற ஒரு பரியாரி என் கையைப் பிடித்து உட்கார வைத்து, தெலுங்கில் ஏதோ கேட்டார்.

"அவுனு" என்றேன், கண்ணை நாயக்கருக்காக எங்கோ ஓட்டியபடி.

இன்னொன்று கேட்டார். "அவுனு."

தலையில் தண்ணீர் விழுந்தது. வெயிலுக்கு இதமாக இருந்தது. உபசாரம் என்று நினைத்தேன். மூன்றாவதாக ஒன்று கேட்டார். "அவுனு, அவுனு." சர்ரக் என்று ஒரு சத்தம். மடியில் கறுப்பாக ஏதோ விழுந்தது. யாருடைய முடியோ நம்மேல் விழுகிறதே என்று தட்டிவிட்டேன். இரண்டாவது கொத்து விழுந்தபோதுதான் அந்த அலையை எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்தது.

அதற்குள் நடுமண்டை போய்விட்டது. பாதியில் எழுந்து ஓடுகிற தைரியம் எனக்கு இல்லை. பாதித் தலையோடு கம்பெனிக்குப் போவதைவிட முழு மொட்டையே கௌரவம். முடிந்ததும் அவர் நல்ல தமிழில் சொன்னார்: "சந்தனம் வெச்சுக்கோங்க சாமி, எரிச்சல் இருக்காது."

"உமக்குத் தமிழ் தெரியுமாய்யா!"

"நல்லாத் தெரியும். நீங்கதானே தெலுங்குல பேசினீங்க?"

"என்னதான் கேட்டீர்?"

"மொட்டையான்னு கேட்டேன், ஆமான்னீங்க. முழுசாவான்னேன், ஆமான்னீங்க. மீசையும் சேத்தான்னேன், ரெண்டு வாட்டி ஆமான்னீங்க."

மீசையைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை.

துக்கத்துக்கு நேரமில்லை. மத்தியான பஸ்ஸுக்குள் நாயக்கரைப் பிடிக்க வேண்டும். இவ்வளவு நேரத்தில் அவருக்கும் இறங்கியிருக்கும். ஆகவே இனி மொட்டைகளை மட்டும் பார்த்தால் போதும் என்று முடிவு செய்தேன். முடியுள்ளவர்கள் எல்லாம் எனக்குத் தூண்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

அறுபது வயது, நல்ல உயரம், விவசாயி முதுகு. அகப்பட்டுவிட்டார்! கிணற்றடியில் குடும்பத்தோடு நின்றிருந்த ஒரு மொட்டையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "சம்பந்தி! கண்டுபிடிச்சுட்டேன்!" பையிலிருந்த தட்டை எடுத்து, வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, தேங்காய் எல்லாவற்றோடும் நீட்டினேன். அவர் திகைத்து தெலுங்கில் ஒரு கேள்வி கேட்டார். பழக்கதோஷம். "அவுனு" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. தட்டை வாங்கினார். அவர் சம்சாரம் பழத்தைப் பிய்த்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். "கோவிந்தா" சொல்லி என்னை வணங்கிவிட்டு, தட்டோடு நடையைக் கட்டினார்கள்.

நான் இன்னும் சிரித்துக்கொண்டே நின்றேன். நாயக்கருக்குத் தமிழ் தெரியும் என்பது மெதுவாக ஞாபகத்துக்கு வந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பார்த்த மொட்டைகளிடமெல்லாம் "சம்பந்தியா? சம்பந்தியா?" என்று கேட்டேன். ஒருவர் அடிக்க வந்தார். ஒருவர் எனக்குச் சுண்டல் கொடுத்தார். நான் தூண் நிழலில் மூச்சு வாங்கியபோது, அங்கே வெற்றிலை மென்றுகொண்டு நின்றிருந்த ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்பா, மெட்ராஸ்லேர்ந்து வந்த ஆளு யாரையாவது பாத்தியா? தலை நெறைய கருகருன்னு முடி. அலையலையா வாரிக்கினு இருப்பாரு."

எனக்கு எரிச்சல். அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண் மொட்டைகள் மேல் இருந்தது. "மொட்டை போடற இடத்துல வந்து முடியுள்ள ஆளைத் தேடறீரே, உமக்கு மூளை இருக்கா?" என்றேன்.

"மொட்டைங்களா புடிச்சி புடிச்சி சம்பந்தி சம்பந்தின்னு கத்தற உனக்கு இருக்குதா?" என்றார் அவர். நியாயமான கேள்விதான். அடுத்த மொட்டையைப் பார்த்து நகர்ந்தேன்.

பஸ் ஹாரன் அடித்தது. மத்தியான பஸ். கண்டக்டர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சரி, முடிந்தது என்று நின்றுவிட்டேன். தட்டும் போயிற்று, தலையும் போயிற்று, நாயக்கரும் போகப்போகிறார். சாயந்திரம் அரிசி மண்டிக்காரர் தட்டு வைப்பார். நான் வீட்டுக்குப் போய் வாசலில் நிற்கிற கோமதியிடம் என்ன சொல்வது? இந்தத் தடவை நான் ஒரு தமாஷும் செய்யவில்லை அம்மா, அப்படியும் கெட்டுவிட்டது என்றா? கண் நிறைந்துவிட்டது. அது துவையலால் வந்ததல்ல.

பேச்சு தடுமாறினால் கை என்ன செய்யும்? தானாகப் போயிற்று. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தது. நெற்றியில் வைத்து, இருபது வருஷ அழுத்தத்தோடு, பின்னோக்கி ஒரு வாரு வாரியது. சீப்பு சந்தனத்தில் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய், பிடரியில் குதித்து, சட்டைக் காலருக்குள் விழுந்து முதுகு வழியாக இறங்கியது. ஐயோ என்று நான் துள்ளினேன்.

அதுவரை ஒரு நாழிகையாக எனக்கு மொட்டை என்பது எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியாது. நினைத்தபடி நடக்கிறவரை மூளை கண்ணை மூடிக்கொண்டு சவாரி செய்கிறது. தப்பும்போதுதான் விழுந்தடித்து எழுந்து உலகத்தைப் பார்க்கிறது.

அப்படி நான் எழுந்து பார்த்தபோது கேட்டது ஒரு சிரிப்பு. தூணருகே நின்ற வெற்றிலைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். குனிந்ததால் தலை தெரிந்தது. காதை மூடுகிற சுருட்டை முடி, ஒரு நரை இல்லை.

"யோவ்! நீயா! அந்த சீப்பு! நகரி கல்யாணத்துல எலையில சோறு விழறதுக்குள்ள நாலு வாட்டி வாரினியே, அந்த எண்ணெய்க்காரரு நீதானா!"

"நாயக்கரே... உங்க முடி..."

"எம் முடிக்கு இன்னா?"

"வேண்டுதல்னு பையன்..."

"பையன் கல்யாணம் முடிஞ்சாத்தான் குடுப்பேன்னு வேண்டிக்கினேன். கல்யாணமே ஆவல, அதுக்குள்ள இன்னாத்துக்கு குடுக்கறது? அவன் சொல்லலியா?"

சொல்லத்தான் வந்தான். "அப்புறம் ஏன் இங்கே வரச் சொன்னீங்க?"

"மலையில யாரக் கேட்டாலும் வழி சொல்ற எடமாச்சே. நீ தொலஞ்சி பூடக் கூடாதேன்னு."

அவர் சிரிப்பு அடங்கிற்று. என் தலையை உற்றுப் பார்த்தார். மீசை இருந்த இடத்தையும் பார்த்தார். குரல் மாறிவிட்டது.

"முடிய வெச்சி பொழைக்கிற ஆளாச்சே நீ. பொண்ணுக்காக வேண்டிக்கினா குடுத்தே?"

உண்மையைச் சொல்ல நிறைய நேரம் பிடிக்கும். எல்லையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ராகவலு வருவார், வேர்க்கடலை வரும். பஸ்ஸோ உறுமிக்கொண்டிருந்தது. நாக்கு பழகிய வழியில் போயிற்று.

"அவுனு" என்றேன்.

நாயக்கர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம் பொண்டாட்டி சொல்லிக்கினே இருந்தா, மெட்ராஸ்காரங்க வாயாலயே பந்தி போடுவாங்கன்னு. வந்து இந்தத் தலைய பாக்கச் சொல்றேன். இதுக்கு மேல இன்னா வாக்கு வேணும்? எங்க, தாம்பூலத்த எடு சம்பந்தி."

தட்டு போன திசையில் பார்த்தேன். அந்தக் குடும்பம் கடைசி வாழைப்பழத்தின் தோலை உரித்துக்கொண்டிருந்தது. நாயக்கரும் பார்த்தார். "அதான் அந்த ஆளு 'எல்லாம் எங்களுக்கா'ன்னு கேட்டானா? நீ ஆமான்னியே! தானம் பண்றேன்னு இல்ல நெனைச்சேன்." இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, தன் சொந்த வெற்றிலையில் இரண்டையும் ஒரு கொட்டைப்பாக்கையும் என் கையில் வைத்தார். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் மிச்சம் இருந்தது ஒரு சாம்பிள் பாட்டில் கூந்தல் தைலம். இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் இறங்கினோம். திருப்பங்களில் நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் கதவைத் திறந்த என் மனைவி, "வேற வீடு பாருப்பா" என்று சொல்லிச் சாத்தப் போனாள். கோமதி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, சிரித்து, சிரித்து முடிப்பதற்குள் அழுது, "என்னப்பா ஆச்சு, சொல்லுப்பா" என்றாள். வெற்றிலையைக் காட்டினேன்.

நடந்தது இவ்வளவுதான். அரிசி மண்டிக்காரரை வரவேண்டாம் என்று நாயக்கர் ஆளிடம் சொல்லி அனுப்பினார். கல்யாணம் ஆவணியில் நகரியில் நடந்தது. நாயக்கர் அதன் பிறகு மலைக்குப் போய் முடி கொடுத்தார். முடி வளரும்வரை மேனேஜர் என்னைக் கடைகளுக்கு அனுப்பவில்லை. ஆபீசில் உட்கார்ந்து பாட்டிலுக்கு லேபிள் ஒட்டினேன். எல்லையில், போகும்போதும் சரி, வரும்போதும் சரி, யாரும் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.